மேல்கோட்டை போறீங்களா, தொண்டனூர்ல இருந்து ஆரம்பிங்க

நீங்க கேட்டது இதான்: அல்சூர்ல இருந்து சனிக்கிழமை விடியக்காலைல கார்ல கிளம்பி மேல்கோட்டை பாத்துட்டு, அப்படியே ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் அரண்மனை எல்லாம் முடிச்சுட்டு ராத்திரிக்குள்ள வீடு திரும்பிட முடியுமா, கூட திருச்சில இருந்து வர்ற அப்பா அம்மா, ஏழாவது படிக்கற பொண்ணு. முடியுமான்னா முடியும், ரோடு நல்லா இருக்கு. ஆனா அப்படிப் போகாதீங்க. மைசூரை இந்த தடவை விட்டுடுங்க, அது எங்கயும் போயிடாது, இன்னொரு லீவுக்கு ட்ரெயின்லயே போய்க்கலாம். மேல்கோட்டைக்குன்னு ஒரு ராத்திரி ஒதுக்குங்க. ஏன்னு கீழ சொல்றேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

பெங்களூர்ல இருந்து போற நம்ம ஆளுங்க பெரும்பாலும் என்ன பண்றாங்கன்னா நேரா மலை மேல போய் இறங்கறாங்க, கோயில், கல்யாணி குளம், நாலு தூண் நிக்கற ராய கோபுரத்துல போட்டோ, ஒரு பொட்டலம் புளியோதரை, மூணு மணி நேரத்துல கிளம்பிடறாங்க. அவங்க பாத்தது ஒரு மலைக்கோயில், அவ்வளவுதான். ஆனா மேல்கோட்டை ஒரு ஊரு, அதுவும் கீழ இருக்கற வயக்காட்டையும் ஏரியையும் நம்பி பல நூறு வருஷமா மேல உக்காந்திருக்கற ஊரு. கீழ இருக்கறத பாக்காம மேல போனா பாதிதான் புரியும். அதனால என்னோட முதல் யோசனை, மலைக்குக் கீழ பழைய ஏரியும் கோயிலும் இருக்கற தொண்டனூர்ல ஆரம்பிங்க. கன்னடத்துல கெரெ தொண்ணூர்னு போர்டு இருக்கும். ராமானுஜர் வந்த வழியும் அதான்னு வைஷ்ணவ ஆசாரியர்களப் பத்தின குருபரம்பரைக் கதைங்க சொல்லுது, முதல்ல தொண்டனூர், அதுக்கப்புறம்தான் மலை.

இப்ப வழி. கெங்கேரி தாண்டி எக்ஸ்பிரஸ்வேல ஏறிட்டீங்கன்னா பிடதி, ராமநகரா, சன்னபட்டணா, மத்தூர், மண்டியா எல்லாம் பைபாஸ்ல போயிடும், அதாவது பிடதி தட்டு இட்லியும் மத்தூர் வடையும் வேணும்னா நீங்களா சர்வீஸ் ரோட்டுல இறங்கணும், இல்லன்னா ஸ்ரீரங்கப்பட்டணம் வர்ற வரைக்கும் பசியோடதான் போகணும். வயசானவங்க கூட இருக்காங்க, பிடதில இறங்கி இட்லி சாப்ட்டுட்டு போங்க. மத்தூர் வடை ரவா, மைதா, அரிசி மாவு, வெங்காயம்லாம் போட்டு தட்டையா பொரிக்கறது, ஆறினாலும் நல்லாருக்கும், அத கட்டி வாங்கிக்குங்க. யாராவது பைக்ல கூட வரேன்னு சொன்னா ஞாபகம் வச்சுக்குங்க, 2023 ஆகஸ்ட்ல இருந்து எக்ஸ்பிரஸ்வே மெயின் ரோட்டுல பைக், ஆட்டோ எதுவும் விடறதில்ல, சர்வீஸ் ரோடுதான்.

மண்டியா தாண்டினதும் ரெண்டு பக்கமும் பாக்கச் சொல்லுங்க பொண்ண. நெல்லு, கரும்பு, தென்னை, திரும்ப நெல்லு. இது ஆதிகாலத்துல இருந்து இப்படி இல்ல. காவிரில கட்டின கேஆர்எஸ், அதாவது கிருஷ்ணராஜசாகர் அணைக்கட்டு வேலை 1911-ல தொடங்கி முடிய இருபது வருஷம் ஆச்சு, அதுல இருந்து வெட்டின கால்வாய்க்கு முதல்ல இர்வின் கால்வாய்னு பேரு, இப்ப விஸ்வேஸ்வரய்யா கால்வாய், ஊர்க்காரங்க விசி நாலான்னு சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி இங்க ஏரி பாசனம் இருந்த இடம் தவிர மத்தது கேழ்வரகு, கொள்ளு போடற மானாவாரி பூமிதான். தண்ணி வந்துச்சு, கரும்பு வந்துச்சு, 1933-ல மண்டியாவுல சர்க்கரை ஆலை வந்துச்சு, 1939-ல மண்டியா தனி மாவட்டமே ஆச்சு. உங்க அப்பா திருச்சிக்காரர், கல்லணையையும் கால்வாயையும் பாத்து வளந்தவரு, அவருக்கு இத எல்லாம் விளக்கவே வேணாம், வண்டிய நிறுத்தி அரை மணி நேரம் வரப்புல நிக்க விடுங்க, அதே காவிரி மேல இங்க என்ன பண்ணுதுன்னு அவரே பாத்துக்குவாரு.

இது பேசும்போதே இன்னொண்ணும் சொல்லிடறேன், ஏன்னா நம்ம ஆளுங்க மனசுல இருக்கும், வெளிய கேக்கமாட்டாங்க. மண்டியான்னா காவிரி போராட்டம், தமிழ்ல பேசினா பிரச்னை வருமா, தமிழ்நாடு நம்பர் வண்டில போகலாமா? 1991-லயும் 2016-லயும் பெங்களூர்ல காவிரிக் கலவரத்த பாத்தவங்களுக்கு அந்த பயம் சும்மா வர்றதில்ல, அத நான் லேசா பேசமாட்டேன். ஆனா சாதாரண நாள்ல இந்தப் பக்கத்து கிராமங்கள்ல தமிழ்க் குடும்பம்னு தெரிஞ்சா ஸ்ரீரங்கம் எப்படி இருக்கு, இந்த வருஷம் உங்க பக்கம் மழை எப்படின்னுதான் கேப்பாங்க. தண்ணி திறக்கச் சொல்லி ஆர்டர் வந்து பந்த் கிந்த்னு பேச்சு ஓடற வாரம் மட்டும் போகாதீங்க, முதல்ல மறிக்கறது அந்த ஹைவேயதான், நடுவுல மாட்டிக்கிட்டா பெரியவங்களுக்கு கஷ்டம்.

ஸ்ரீரங்கப்பட்டணம் கிட்ட எக்ஸ்பிரஸ்வே விட்டு பாண்டவபுரம் ரோட்டுல திரும்பிடுங்க. ஐதரும் திப்புவும் ஆண்ட காலத்துல அவங்களுக்கு உதவியா வந்த பிரெஞ்சுப் படை தங்கின இடம்ங்கறதால அந்த ஊருக்கு ஃபிரெஞ்ச் ராக்ஸ்னு பேரு இருந்துச்சு. அங்க நிக்க வேண்டியதில்ல. அங்க இருந்து தொண்டனூர் பக்கம்தான். ரெண்டு பாறைக் குன்றுக்கு நடுவுல இருக்கற இடுக்க கரை போட்டு அடைச்சு கட்டின ஏரி அது, வேற ஒண்ணுமே பண்ணல, மத்ததெல்லாம் மலையே பாத்துக்குது. ராமானுஜர் சொல்லி கட்டினது, திருமலசாகரம்னு பேரு வச்சாருன்னு சொல்லுவாங்க. 1746-ல ஐதராபாத் நிஜாமோட மகன் நாசிர் ஜங் இங்க தங்கி, தண்ணி அவ்வளவு தெளிவா இருக்கேன்னு மோதி தாலாப்னு பேரு வச்சிருக்காரு, முத்துக் குளம். இன்னிக்கும் அந்த தண்ணி வயலுக்கு பாயுது. கரைல நடங்க, பாருங்க, ஆனா உள்ள இறங்காதீங்க, பாறை திடீர்னு சரிஞ்சு ஆழமா போகும், லீவு நாள்ல பசங்க குளிக்கறாங்களேன்னு நம்பி பொண்ண விடவே விடாதீங்க.

ஏரியை விட எனக்கு முக்கியமா படறது அங்க இருக்கற நம்பி நாராயணன் கோயில். ஒய்சளர்னு சொன்னதும் பேலூர், ஹளேபீடுல பாத்த மாதிரி இழை இழையா செதுக்கின மாக்கல்லு ஞாபகம் வரும், இங்க அப்படி இல்ல, கருங்கல்லு, நம்ம சோழ நாட்டுக் கோயிலோட கட்டு. விஷ்ணுவர்த்தனன் காலத்துல, 12-ம் நூற்றாண்டுல, தலைக்காட்டை சோழர்கிட்ட இருந்து பிடிச்ச பிறகு இந்தப் பக்கம் பூரா ஒய்சளர் கைக்கு வந்துச்சு, ஆனா கோயில் கட்டினவங்க, பூஜை பண்ணினவங்க, தானம் எழுதி வச்சவங்கள்ல நிறைய பேர் தமிழ் பேசினவங்க. கல்வெட்டு பலது தமிழ்லயே இருக்கு. சுவத்துலயும் அடித்தளத்துலயும் தேடிப் பாருங்க, பழைய எழுத்துதான், முழுசா படிக்க வராது, ஆனா ந, ம, ர எல்லாம் பொண்ணே கண்டுபிடிச்சிடும். பெங்களூர்ல பொறந்து வளர்ற நம்ம பிள்ளைங்க தமிழ்னா ஊருக்கு லீவுல போனா பேசறதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கு. 900 வருஷத்துக்கு முன்னாடியே நம்ம எழுத்து இந்த மண்ணுல இருந்துச்சுன்னு அதுங்க தன் விரலால தொட்டு பாக்கணும், அதுக்காகவே இந்த இடத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதலா குடுக்கலாம்.

அப்புறம் ஜக்கனஹள்ளி வழியா மேல ஏறுங்க. இங்கதான் கவனிக்கணும், ரோடு ஏற ஏற பூமி மாறும். கரும்பும் நெல்லும் பின்னாடி போயிடும், கேழ்வரகு, கொள்ளு, அவரை, புளியமரம், அப்புறம் வெறும் பாறையும் முள்ளுக்காடும். ஓநாய்க்காக 1974-ல சரணாலயம்னு அறிவிச்ச காடு இது. மேல்கோட்டை கிட்டத்தட்ட 3,500 அடி உயரத்துல இருக்கு, ஆறு கிடையாது, கால்வாய் ஏறாது. அதனால அந்த ஊரு உயிரோட இருந்தது பூரா குளத்தாலதான். ஒரு காலத்துல 108 குளம் இருந்துச்சும்பாங்க. எல்லாரும் கல்யாணிய பாத்துட்டு வந்துடுவாங்க, அது அழகுதான், சுத்தி மண்டபம், படிக்கட்டு, நிழல், உங்க அம்மாவுக்கு உக்காந்து ரெஸ்ட் எடுக்க அத விட நல்ல இடம் கிடைக்காது, ஆனா கொஞ்சம் நடந்து அக்கா தங்கி குளத்தையும் பாருங்க. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு குளம், ஒண்ணு குடிக்க, ஒண்ணு மத்த புழக்கத்துக்குன்னு ஊர்க்காரங்க சொல்லுவாங்க, அதுக்கு அக்கா தங்கச்சி கதை ஒண்ணு இருக்கு, அங்க யாராவது பாட்டி உக்காந்திருந்தா கேளுங்க, நல்லா சொல்லுவாங்க.

கோயிலுக்கு வரேன். உங்க அப்பா அம்மாவுக்கு செலுவநாராயண சுவாமி கோயில்னு சொன்னா தெரியாம போகலாம், திருநாராயணபுரம்னு சொல்லுங்க, முகம் மாறிடும். கோயில், திருமலை, பெருமாள் கோயில், திருநாராயணபுரம்னு வைஷ்ணவங்க எப்பவும் சேத்து சொல்ற நாலு ஊர்ல இது ஒண்ணு, அதாவது ஸ்ரீரங்கம், திருப்பதி, காஞ்சிபுரம், அதுக்கு அடுத்து இது. மூலவர் திருநாராயணன், உற்சவர் செல்வப்பிள்ளை, தாயார் யதுகிரி நாச்சியார். ஸ்ரீரங்கத்துல இருக்கற ராமானுஜர் தானான திருமேனி, ஸ்ரீபெரும்புதூர்ல தானுகந்த திருமேனி, இங்க இருக்கறது தமருகந்த திருமேனி, அவரு ஸ்ரீரங்கத்துக்கு திரும்பி கிளம்பினப்ப இந்த ஊரு சிஷ்யங்க பிரிய மனசில்லாம செஞ்சு வச்சுக்கிட்டது. சோழ ராஜாவோட தொந்தரவால ஸ்ரீரங்கத்த விட்டு வந்து பன்னெண்டு வருஷம் இங்க இருந்தாருன்றது சம்பிரதாயத்துல சொல்ற கணக்கு. ஸ்ரீரங்கத்துல தினமும் சேவிக்கறவங்க இங்க வந்து நின்னா அந்தக் கதையோட இன்னொரு பாதிக்குள்ள வந்த மாதிரி ஆயிடுவாங்க, சன்னதில அவசரப்படுத்தாதீங்க.

செல்வப்பிள்ளை டெல்லி வரைக்கும் போயிட்டு வந்த கதையும் உங்களுக்கு தெரிஞ்சிருக்கும். படை எடுத்து வந்தவங்க விக்கிரகத்த கொண்டு போயிட்டாங்க, சுல்தானோட பொண்ணு அத விளையாட வச்சிருந்தா, ராமானுஜர் போய் கூப்பிட்டதும் நடந்து வந்து மடில உக்காந்தாரு, பிரிவு தாங்காம அந்தப் பொண்ணு பின்னாடியே வந்து பெருமாளோட கலந்துட்டா. பீபி நாச்சியார்னு இன்னிக்கும் அவங்களுக்கு இங்க மரியாதை நடக்குது. வரலாற்றுக் கணக்குல வருஷம் ஒத்து வராது, டெல்லி சுல்தான்கள் வந்ததே அதுக்கு அப்புறம்தான், அத வச்சு சண்டை போடறவங்க போடட்டும். எனக்கு அந்தக் கதைல பெருசா படறது வேற இடம். விக்கிரகத்த பத்திரமா கொண்டு வந்து சேக்க உதவினவங்க ஊருக்கு வெளிய ஒதுக்கி வச்சிருந்த ஜனங்க, அவங்களுக்கு திருக்குலத்தார்னு பேரு குடுத்து, வருஷத்துல குறிப்பிட்ட நாள்ல கோயிலுக்குள்ள வர்ற உரிமைய அந்தக் காலத்துலயே ஏற்படுத்தினாருன்னு சொல்றாங்க. பொண்ணுக்கு கட்டாயம் சொல்லுங்க, கூடவே அது ஏன் வருஷம் பூரா இல்லாம சில நாள் மட்டும் இருந்துச்சுன்னு அது கேட்டா அதையும் மறைக்காம பேசுங்க.

காலைல போனீங்கன்னா திவ்யப் பிரபந்தம் சேவிக்கறத கேக்க முடியும். மண்டியா மாவட்டத்து மலை உச்சில, சுத்தி அத்தனை ஊரும் கன்னடம் பேசற இடத்துல, ஆழ்வார் பாட்டு தமிழ்ல, அதுவும் கன்னட வாடை அடிக்கற ஒரு உச்சரிப்புல வரும். ராத்திரி தங்குங்கன்னு நான் அடம் பிடிக்கறதுக்கு பெரிய காரணம் இதான், பெங்களூர்ல இருந்து காலைல கிளம்பி வந்தா இத பிடிக்க முடியாது, மத்தியானம் நடை சாத்தற நேரத்துக்குதான் வந்து சேருவீங்க. மார்கழில வந்தா திருப்பாவை, குளிரு, பனி, இன்னும் நல்லாருக்கும். இங்க தலைமுறையா இருக்கற தமிழ் வைஷ்ணவங்க, மண்டயம் ஐயங்கார்னு சொல்லுவாங்க, அவங்க வீடுகள்ல பேசற தமிழ் தனி ருசி, நீங்க தமிழ்ல பேசினா பதில் தமிழ்லயே வரும், பாதில கன்னடத்துக்கு போயிட்டு திரும்பி வரும். ஒண்ணு மட்டும் கவனம், தீபாவளி சமயத்துல போனா வாழ்த்து சொல்லிடாதீங்க. திப்பு காலத்துல நரக சதுர்த்தசி அன்னிக்கு தங்கள்ல நிறைய பேர் கொல்லப்பட்டாங்கன்றது அந்தக் குடும்பங்கள் தலைமுறையா சுமக்கற நினைவு, பல வீட்டுல அன்னிக்கு பண்டிகை கிடையாது. இன்னொரு தகவல், நம்ம ஜெயலலிதா 1948-ல பொறந்ததும் இந்த மேல்கோட்டைலதான். கன்னடத்தோட பெரிய கவி பு.தி. நரசிம்மாச்சாரும் இந்த ஊருதான், 1905-ல பொறந்தாரு, வீட்டுல தமிழ், எழுதினது கன்னடம். அவரு வீட்ட நினைவு இல்லமா வச்சிருக்காங்க, கல்யாணி பக்கம் போறப்ப எட்டிப் பாருங்க.

வைரமுடி சேவைக்கு வரலாமான்னு கேட்டிருந்தீங்க. பங்குனில வரும், வைரமுடி, ராஜமுடி, கிருஷ்ணராஜமுடின்னு கிரீடங்க, பின்ன ரெண்டும் மைசூர் உடையார்கள் குடுத்தது. வைரமுடி மேல சூரிய வெளிச்சம் படக்கூடாதுன்னு ராத்திரிலதான் சாத்துவாங்க, மண்டியா கருவூலத்துல இருந்து போலீஸ் காவலோட வழி நெடுக கிராமத்துல பூஜை வாங்கிக்கிட்டு அது மலைக்கு வரும். பாக்க வேண்டியதுதான், ஆனா லட்சக்கணக்குல கூட்டம், விடிய விடிய நிக்கணும், வயசானவங்களோட முதல் தடவை போறதுக்கு அது நாள் இல்ல. எப்ப போகலாம்னா டிசம்பர் கடைசில இருந்து சங்கராந்தி வரைக்கும். அறுப்பு நேரம், களத்துல வைக்கோல் போர் போட்டிருப்பாங்க, கேழ்வரகுக் கதிர ரோட்டுலயே பரப்பி வச்சிருப்பாங்க, மேல வண்டி ஏறினாதான் மணி உதிரும்னு, தயங்காம மெதுவா ஏத்திட்டு போங்க. சங்கராந்தி அன்னிக்கு சாயங்காலம் மாட்ட அலங்கரிச்சு நெருப்பத் தாண்ட விடுவாங்க, மண்டியா கிராமங்கள்ல அது இன்னும் உயிரோட இருக்கு.

யோக நரசிம்மர் மலை முன்னூறு படிக்கு மேல. அப்பாவுக்கு முட்டி வலின்னு சொன்னீங்க, அவர கட்டாயப்படுத்தாதீங்க, கல்யாணி கரைல இருந்தே மேல இருக்கற கோயில் முழுசா தெரியும், கும்பிட்டுக்கலாம். நீங்களும் பொண்ணும் ஏறுங்க, சாயங்காலம் ஏறினா வெயில் இல்ல, மேல இருந்து பாத்தா நான் சொன்னது கண்ணு முன்னாடி வரும், காலடில காஞ்ச பாறை, கொஞ்ச தூரத்துல ஏரிங்க, அதுக்கும் அந்தப் பக்கம் பச்சை. கைல சாப்பாட்டுப் பை வச்சுக்காதீங்க, குரங்கு விடாது.

சாப்பாட்டுல புளியோதரைய சொல்லாம முடியாது. இங்க செய்யறது கருப்பா, காரம் கம்மியா, வெல்லமும் எள்ளும் கொப்பரைத் தேங்காயும் சேந்த ருசி. புளி மேல இருக்கற மானாவாரிக் காட்டுல இருந்து, வெல்லமும் அரிசியும் தேங்காயும் கீழ கால்வாய்ப் பாசனத்துல இருந்து, அந்த ஒரு தொன்னைலயே இந்த வட்டாரம் மொத்தமும் இருக்கு. கூட சக்கரைப் பொங்கல் வாங்குங்க. பெரிய ஓட்டல்னு எதுவும் கிடையாது, தங்கறதுக்கும் மடம், சத்திரம், சின்ன கெஸ்ட் ஹவுஸ்தான், அதனால முன்னாடியே போன் பண்ணி வச்சுக்குங்க, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கான்னு கேட்டுக்குங்க, பெரியவங்களுக்கு அது முக்கியம். துணி வாங்கணும்னா ஜனபத சேவா டிரஸ்ட் இருக்கு, 1960-ல ஆரம்பிச்சது, கைத்தறி கதர், இயற்கைச் சாயம், கிராமத்துப் பொம்பளைங்களுக்கு வேலை குடுக்கற இடம், விலை கொஞ்சம் கூடத்தான், குடுக்கலாம்.

வெல்லம் காய்ச்சற ஆலை பாக்கணும்னா கீழ மண்டியா, பாண்டவபுரம் பக்கத்துல ரோட்டோரமே இருக்கும், கன்னடத்துல ஆலெமனெ, புகை வர்ற இடத்துல வண்டிய நிறுத்தி கேட்டா உள்ள விடுவாங்க. சாறு பிழிஞ்ச சக்கையவே காய வச்சு அடுப்பெரிப்பாங்க, பெரிய கொப்பரைல பாகு பொங்கறப்ப அழுக்கு எடுக்க வெண்டைச் செடிய நசுக்கிப் போடற பழக்கம் உண்டு. பொண்ண கொப்பரைகிட்ட விடாதீங்க, கொதிக்கற பாகு தெறிச்சா தோலோட வந்துடும். வாங்கறப்ப வெளிர் மஞ்சளா பளபளன்னு இருக்கறத வாங்காதீங்க, அது ஹைட்ரோஸ் பவுடர் போட்டு வெளுத்தது, பழுப்பா கருப்பா இருக்கறத கேட்டு வாங்குங்க.

திரும்பறப்ப வந்த வழியே வராதீங்க. ஜக்கனஹள்ளில இருந்து நாகமங்கலா போங்க, அங்க சௌம்யகேசவர் கோயில், ஒய்சளர் காலத்தது, கூட்டமே இருக்காது, அரை மணி நேரம் போதும். அப்படியே பெள்ளூர் கிராஸ், குணிகல், நெலமங்கலா வழியா பெங்களூர், எக்ஸ்பிரஸ்வே ஞாயித்துக்கிழமை சாயங்கால நெரிசல்ல மாட்டிக்க வேணாம். வெளிச்சம் இருக்கறப்பவே கிளம்பிடுங்க. பாண்டவபுரம் பக்கம் கால்வாய ஒட்டிப் போற ரோடு பல இடத்துல தடுப்புச் சுவரே இல்லாம இருக்கும், 2018 நவம்பர்ல ஒரு பஸ் அப்படியே விசி கால்வாய்ல விழுந்து 30 பேர் வரைக்கும் செத்தாங்க, அதுல ஸ்கூல் விட்டு வீட்டுக்கு போன பிள்ளைங்களும் உண்டு. ராத்திரில கூகுள் மேப் குறுக்கு வழி காட்டினாலும் கால்வாய்க் கரை ரோட்டுல போகாதீங்க, சுத்தினாலும் பரவால்ல, மெயின் ரோட்டுலயே வாங்க.

பஸ்லதான் போகணும்னா மைசூர்ல இருந்தும் மண்டியாவுல இருந்தும் மேல்கோட்டைக்கு கவர்மென்ட் பஸ் இருக்கு, மண்டியா வரைக்கும் ட்ரெயின்ல போய் மாறிக்கலாம், ஆனா அப்ப தொண்டனூருக்கு பாண்டவபுரத்துல இருந்து தனியா ஆட்டோ பேசணும். பெரியவங்க முட்டி வலியோட வர்றதால இந்த தடவை காரே எடுங்க. எந்தத் தேதி போறீங்கன்னு சொல்லுங்க, அன்னிக்கு கோயில்ல உற்சவம் ஏதாவது இருந்தா நடை நேரம் மாறும், பஞ்சாங்கம் பாத்து சொல்றேன்.